தையலுக்கு ஒரு சென்டிமீட்டர்

நான் தைச்ச முதல் தொப்பி என் தலைக்குள்ள இறங்கவே இல்ல. பக்கத்து வீட்ல ஒண்ணாவது படிக்கிற வாண்டுக்கு மட்டும் அளவெடுத்து தைச்ச மாதிரி உட்கார்ந்துச்சு.

ஃபைனல் இயர் மெக்கானிக்கல் படிக்கிறேன். கணக்கு போடாம துணியில கை வைக்கல. என் தலைச் சுற்றளவு 57 செ.மீ. அதை 6.28-ஆல் வகுத்தா ஆரம் 9 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல. பழைய ஜீன்ஸ்ல அந்த ஆரத்துக்கு வட்டம் போட்டு வெட்டிட்டேன். தைக்கும்போது சுத்திலும் ஒரு செ.மீ. உள்ள போயிடுச்சு. ஆரத்துல ஒரு செ.மீ. குறைஞ்சா சுற்றளவுல 6 செ.மீ.க்கு மேல குறையும். அந்த வட்டத்துக்கு ஏத்த மாதிரி பக்கத்துத் துணியையும் குறுக்கித் தைச்சேன். முடிவுல 57 செ.மீ. தலைக்கு 51 செ.மீ. தொப்பி.

அம்மா எட்டிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டாங்க: "தையலுக்கு விடலையா கண்ணு?"

எங்க ஊர் திருப்பூர். அம்மா பனியன் கம்பெனில சிங்கர் டைலர். பத்தொன்பது வருஷமா அதே வேலை. காலைல எட்டரைக்குப் போனா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாங்க. என் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் ஃபீஸ் பாதி அந்த அரை ஷிப்ட்ல வந்ததுதான். ஆனா எனக்குத் தையல் சொல்லித் தரவே மாட்டேன்னுட்டாங்க. வீட்ல இருக்கற மிஷினைத் தொட்டாலே "போய் படி"ன்னு ஒரு சத்தம் வரும். அதனால வீடியோ பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்.

ரெண்டாவது தொப்பிக்கு விளிம்பு பிரச்சனை. வட்டமா ஒரு வளையம் வெட்டி வெச்சா அது தட்டு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது, கீழே சரிய மாட்டேங்குது. அப்பத்தான் பொறி தட்டுச்சு. இது வெட்டின கூம்பு! ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்ல நான் அரியர் வெச்ச அதே பாடம். விளிம்பு 45 டிகிரி சரியணும்னா முழு வளையம் ஆகாது. உள் ஆரம் 12.8 செ.மீ. வெச்சு 255 டிகிரி மட்டும் வெட்டணும். இந்தத் தடவை தையலுக்கும் விட்டேன். உள் வளைவுல சின்னச் சின்னதா வெட்டு கொடுத்தா சுருக்கம் விழாது. ஜீன்ஸுக்கு 16 நம்பர் ஊசி போடணும். அதுக்கு முன்னாடி ரெண்டு ஊசி உடைச்சாச்சு. விளிம்புல ஒரு செ.மீ. இடைவெளில வரிசையா தையல் ஓட்டினா விறைப்பா நிக்கும், கேன்வாஸ் வாங்கத் தேவையில்ல.

செலவு? ஜீன்ஸ் தொடையில கிழிஞ்சு போன என்னோடது. உள்பக்கத் துணிக்குக் காதர்பேட்டைல செகண்ட்ஸ் சட்டை ஒண்ணு 60 ரூபாய். ஒரு சட்டைல ரெண்டு தொப்பிக்குத் துணி கிடைக்கும். நூல், ஊசி 30 ரூபாய். மிச்சத் துணியில ஒரு பென்சில் பவுச்.

அப்புறம் அப்பாவோட பழைய சட்டை. காலர் மடிப்பு தேய்ஞ்சு நூல் நூலா நின்னுச்சு. காலரைப் பிரிச்சுத் திருப்பி வெச்சுத் தைச்சா தேய்ஞ்ச பக்கம் அடியில போயிடும். புதுசு மாதிரி ஆயிடுச்சு. அதைப் போட்டுட்டுத்தான் என் முதல் பிளேஸ்மென்ட் இன்டர்வியூக்குப் போனேன்.

அது தெரிஞ்ச அன்னைக்கு அம்மா சாப்பிடல. "சின்ன வயசுல நாங்க அடுத்தவங்க போட்ட துணியத்தான் போட்டோம். நீ போடக் கூடாதுன்னுதான் இவ்ளோ பாடுபட்டேன். மிஷின்லயும் நீ உட்காரக் கூடாதுன்னு நெனச்சேன்."

எனக்குப் பதில் வரல. ஹாஸ்டல்ல இதுக்குப் பேரு 'த்ரிஃப்ட்', இன்ஸ்டால போட்டா லைக். நான் ஆசைப்பட்டுப் போடறேன், அவங்க வேற வழியில்லாம போட்டாங்க. ரெண்டும் ஒரே சட்டையா இருக்கலாம், ஆனா ஒண்ணு இல்ல.

போன மாசம் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துல ஸ்டால் போட்டு ஆறு தொப்பி வித்தேன். ஒண்ணு 150 ரூபாய். துணி, நூல் போக ஒரு தொப்பிக்கு 90 ரூபாய் லாபம்னு அம்மாகிட்ட பெருமையா சொன்னேன்.

"ஒரு பீஸுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"மூணு மணி நேரம்."

"அப்ப கூலி எங்க கண்ணு?"

எட்டு செமஸ்டர் படிச்சும் என் கணக்குல கூலிங்கற வரியே இல்ல. என் நேரம் சும்மாதானேன்னு விட்டுட்டேன். அம்மாவோட அரை ஷிப்ட்டையும் இத்தனை வருஷமா அப்படித்தான் பார்த்திருக்கேன் போல.

அந்த ஞாயித்துக்கிழமை அம்மா தானா வந்து மிஷின் பக்கத்துல ஸ்டூலைப் போட்டாங்க. "நீ வட்டத்தை வெட்டு. விளிம்பை நான் ஓட்டறேன், நீ ஓட்டினா கோணலாப் போகும்." ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு தொப்பிக்கு நாற்பது நிமிஷம்.

அடுத்த ஸ்டால்ல விலை 250. பேரம் பேச வர்றவங்க எங்கம்மாகிட்ட பேசிக்கோங்க!