கண்ணாடி ஒட்டும் மருமகன்

எங்கள் குடும்பத்தில் ஓதிப் படித்தவர்கள் இருக்கிறார்கள்; கடை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வாகனங்களுக்கு முன்கண்ணாடி பொருத்துபவன் ஒருவன்தான், என் தங்கையின் மூத்த மகன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தொழில் பழகி, இப்போது எங்கள் ஊரில் வீதியோரம் ஒரு தகரக் கொட்டிலில் சொந்தமாகச் செய்கிறான். உதவிக்கு ஒரு பையன்.

சென்ற மாதம் அவனுக்குப் பெண் பேசிப் போன வீட்டில் தொழிலைக் கேட்டிருக்கிறார்கள். சொன்னதும், "கண்ணாடி ஒட்டுறதா?" என்று ஒருவர் சிரித்தாராம். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. தங்கை அழுதுகொண்டு வந்தாள். "நானா, நீங்க சொன்னா கேப்பான். வேற தொழிலுக்குத் திருப்பி விடுங்க." மத்ரஸா விடுமுறை என்பதால் மறுநாளே அவனுடைய கொட்டிலுக்குப் போய் ஒரு பகல் முழுவதும் இருந்தேன்.

பழைய லொறிகளிலும் பஸ்களிலும் கண்ணாடி றப்பர் பட்டியில் நிற்கிறது. றப்பரின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி வைத்து, வெளியிலிருந்து கண்ணாடியை அமர்த்தி, உள்ளேயிருந்து கயிற்றை இழுக்கிறார்கள். றப்பரின் விளிம்பு தகரத்தின் மேல் தானாக ஏறிக்கொள்கிறது. நான் சிறு பிள்ளை போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிய கார், வேன்களில் இந்த வேடிக்கை இல்லை. கண்ணாடி யூரித்தேன் பசையால் சட்டத்தோடு ஒட்டப்பட்டிருக்கிறது. மெல்லிய கம்பியைப் பசைக்குள் நுழைத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக இழுத்து அறுத்துத்தான் பழையதை எடுக்க வேண்டும். பழைய பசையை முழுவதும் சுரண்டாமல் ஓரிரு மில்லிமீற்றர் விட்டு, அதன் மேலேயே புதியதை இடுகிறான். பெயின்ற் கீறுப்பட்ட இடம் ஒவ்வொன்றையும் தேடிப் பிரைமர் பூசினான்.

"இத விட்டா துருப் பிடிக்கும் மாமா. துருவுல பசை நிக்காது. ஆனா ஒருத்தருக்கும் தெரியாது, கண்ணாடிக்கு அடியில மறஞ்சு போயிரும்."

வுளூவில் குதிகால் காயாமல் நனைந்ததா என்று பார்க்கும் பேணுதலை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இதற்கும் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்ரிக் தாள் இருப்பதால், உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் அதிலேயே ஒட்டி நிற்கும். பிரான்சின் எடுவார் பெனடிக்டஸ் என்ற இரசாயனவியலாளர் இதற்கு 1909 இல் காப்புரிமை பெற்றார். பக்கக் கண்ணாடியோ உடைந்தால் சிறு மணிகளாக உதிர்ந்துவிடும். இன்னொன்றும் அன்றுதான் அறிந்தேன். பல வாகனங்களில் பக்கத்து ஆசனத்தின் காற்றுப்பை விரியும்போது, முன்கண்ணாடியில் முட்டித்தான் ஆளின் பக்கம் திரும்புகிறது. ஒட்டு சரியில்லாவிட்டால் கண்ணாடியும் பையும் வெளியே போய்விடும். வாகனம் உருண்டால் கூரை நசியாமல் தாங்குவதிலும் அதற்குப் பங்குண்டு.

அஸருக்குப் பிறகு ஒரு வேன்காரர் வந்தார். அன்று பகல் கண்ணாடி ஒட்டிய வேன் அவருடையது. கட்டுநாயக்காவுக்கு ஆட்களை ஏற்ற வேண்டும் என்று சாவியைக் கேட்டார்.

"நானா, பசை இன்னம் இறுகல்ல. காலையிலதான் எடுக்க ஏலும்னு முதல்லயே சொன்னேனே."

"மற்றவங்க அரை மணித்தியாலத்துல தாறாங்க!"

"அவங்க சிலிக்கன் பூசித் தந்திருப்பாங்க. வேன்ல போற ஆக்கள் ஆரு, ஒங்கட ஆக்கள்தானே?"

அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகும். வகையைப் பொறுத்து ஒரு மணித்தியாலமும் ஆகும், பல மணித்தியாலமும் ஆகும். அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியைத் தள்ளிவிடும் என்று கதவை அடித்துச் சாத்தவும் விடவில்லை. பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கியே வைத்திருந்தான். வேன்காரர் ஏசிவிட்டு வேறு வாகனம் பிடிக்கப் போனார். மறுநாள் வந்து 500 ரூபா குறைத்துக் கொடுத்தாராம்.

வருமானமும் எப்போதும் ஒரே மாதிரி இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி வந்தது. இடையில் பழைய வாகனங்களே ஓடின. சில வகைகளுக்கு, விபத்துக்குள்ளான வாகனத்திலிருந்துதான் கண்ணாடி எடுக்க வேண்டியிருந்தது என்றான். உடையாமல் கழற்றுவது பொருத்துவதை விடக் கஷ்டமாம். இப்போது கண்ணாடிக்குப் பின்னால் கமெரா உள்ள கார்கள் வருகின்றன. கண்ணாடியை மாற்றினால் கமெராவையும் சரிபார்க்க வேண்டும். அந்தக் கருவி அவனிடம் இல்லை. அத்தகைய கார் வந்தால் கையேற்காமல் கொழும்புக்கு அனுப்பிவிடுகிறான்.

தங்கையிடம் போய், நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவளுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வரும் மாதம் வேறொரு வீட்டில் பேச்சிருக்கிறது. நானும் கூடப் போகிறேன். தொழிலைக் கேட்டால் நானே சொல்வதாக இருக்கிறேன்.