பச்சை மண்

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், எரேமியா நூலின் பதினெட்டாம் அதிகாரத்தைப் பற்றி நாம் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினோம். குயவன் வீட்டிற்குப் போகுமாறு ஆண்டவர் இறைவாக்கினரைப் பணித்ததையும், குயவன் கையில் கெட்டுப்போன மண்கலம் மீண்டும் வேறொரு கலமாக உருப்பெற்றதையும் சான்றுகளோடு விளக்கியிருந்தோம். பேராசிரியரும் பாராட்டினார். ஆனால், நாம் ஒருநாளும் குயவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்ததில்லை. ஐம்பது வயதைக் கடந்த பின்னரே, ஒரு சிறுவனைத் தேடி அங்கே போக நேர்ந்தது.

வில்லியனூர் கொம்யூன் மண்ணுக்குப் பெயர்பெற்றது. இங்குள்ள சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. கலைஞர் வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இத்தகைய ஊரில் இருந்துகொண்டே, கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குரிய சுரூபங்களை ஆண்டுதோறும் நகரத்துக் கடையில் வாங்கி வந்தோம். ஒரு திருவருகைக் காலத்தில் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர், "இந்த வருஷம் பிள்ளைகளே களிமண்ணில் செய்யட்டுமே, சாமி" என்றார். நாமும் இசைந்தோம்.

அந்த நான்கு வாரங்களில் பிள்ளைகள் விவிலியத்தைப் படித்ததுபோல் அதற்கு முன்பு படித்ததில்லை. லூக்கா நற்செய்தியில் மாடும் கழுதையும் எங்கே என்று தேடினார்கள். அங்கே தீவனத்தொட்டி மட்டுமே இருந்தது. தம் உரிமையாளரை அறிந்த அவ்விரண்டு விலங்குகளையும் எசாயாவின் முதல் அதிகாரத்தில் காட்டினோம். ஞானியர் எத்தனை பேர் என்று மத்தேயு எழுதவில்லை என்பதைக் கண்டுபிடித்த சிறுமி ஐந்து பேரைச் செய்தாள். மறுக்க நம்மிடம் சான்றில்லை. இடையர்களின் தலையில் கோணிச்சாக்குக் கொங்காணி இருந்தது. மழையில் நடவு நடும் தம் பெற்றோரை அல்லவா அப்பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்!

திருவிழாவுக்கு முந்தைய நாள் மாலையில், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பெரிய மாடொன்றைச் சுமந்து வந்தான். ஈரம் உலரவில்லை. மேசைமேல் வைத்ததும் ஒரு கால் முறிந்து, கொம்பும் விழுந்தது. விருந்தினர் வரும் பரபரப்பில் இருந்த நாம், "இது குடிலுக்கு ஆகாது தம்பி, எடுத்துக்கொண்டு போ" என்றோம். அந்த இடத்தில் பழைய கடை மாட்டை வைத்தோம். அவன் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறுகள் அவன் மறைக்கல்விக்கு வரவில்லை. உறுத்தல் தாளாமல் அவன் வீட்டிற்குப் போனோம். "குயவர் ஐயா வீட்டுத் திண்ணையில இருப்பான், சாமி" என்றார் அவன் தாய். அங்கே அவன், முறிந்த மாட்டை நீரில் ஊறவைத்து, கல்லும் கட்டியும் நீக்கிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இன்னும் ஆகுமா, தம்பி?" என்று கேட்டோம்.

"சுடலை இல்ல சாமி, ஊறவச்சுப் பிசைஞ்சா ஆகும். சுட்ட பிறகு உடைஞ்சாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

நாம் திடுக்கிட்டோம். எரேமியாவின் பத்தொன்பதாம் அதிகாரம் இதுவன்றோ! அங்கே இறைவாக்கினர் உடைப்பது சுட்ட கலயம். அதை மறுபடி ஒன்றாக்க முடியாது. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு அதிகாரங்களையும் சேர்த்துப் பார்க்க நமக்கு ஒரு சிறுவன் கற்பித்தான். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். பிள்ளையின் மனம் பச்சை மண். நம் கடுஞ்சொல்லின் சூட்டில் அது முறிந்த வடிவிலேயே இறுகிப்போயிருந்தால் என்ன செய்திருப்போம்? படிப்பிலும் பதவியிலும் வெந்து இறுகியிருந்தது நம் மனமே. அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் வெட்கத்தோடு சிரித்து, திண்ணையில் நமக்கு இடம் ஒதுக்கினான்.

மாட்டின் உள்ளே குடைந்து, நிழலில் உலர்த்தி, இந்து சமயப் பெரியவரான அக்குயவர் தம் சூளையிலேயே சுட்டுக் கொடுத்தார். ஒரு கால் சற்றுக் குட்டைதான். ஆயினும், ஆண்டுதோறும் நம் குடிலில் குழந்தை இயேசுவுக்கு மிக அருகில் நிற்பது அதுவே.

1223-இல் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தாம் வேண்டுமென்றார். அழகிய சுரூபங்களைத் தேடவில்லை. 2019 டிசம்பரில் அதே ஊரில் திருத்தந்தை பிரான்சிஸ் கையொப்பமிட்ட மடல், இம்மரபு அழியாதிருக்கட்டும் என்று வேண்டுகிறது.

பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியரே! பிள்ளை செய்யும் பேழையும் படகும் கோணலாக இருக்கலாம். நம் கையால் அவற்றைத் திருத்தி முடித்துப் பரிசுக்கு அனுப்ப வேண்டாம். அருகில் அமர்ந்து, அதே மண்ணை நாமும் சிறிது பிசைவோம். அப்போது, நம்மையும் குயவராம் இறைவன் வனையக்கூடும்.