கடியா நுளம்பு

மாரி தொடங்கிச் சில வாரங்கள் கழிந்ததும் வல்வெட்டித்துறை வீடுகளில் மாலைதோறும் ஒரு காட்சியைக் காணலாம். விறாந்தை விளக்கைச் சூழ்ந்து நுண்ணிய பூச்சிகள் மொய்க்கும், சுவரெங்கும் ஒட்டிக்கொள்ளும், விடிந்ததும் தரையில் தவிடு சிந்தியதுபோல் இறந்து கிடக்கும். 'நுளம்பு பெருத்துவிட்டது' என்பர் பெரியோர். கதவுகள் அடைபடும், நுளம்புத்திரி புகையும். ஆனால் அவற்றுட் பல, கடிப்பதற்கு வேண்டிய வாயுறுப்பே இல்லாதவை.

பெயர் பற்றிய ஓர் எண்ணம் இங்கே எழுகின்றது. தமிழகத்தார் கொசு என்பதை நாம் நுளம்பு என்கிறோம். நமக்குக் கொசு என்பது பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈ. இவ்வாறு நுணுகி வேறுபடுத்தும் நம் பேச்சுவழக்கில், இந்தக் கடியாப் பூச்சிக்குத் தனிப்பெயர் வழங்க நான் கேட்டதில்லை. ஆகவே அதுவும் நுளம்பாகிவிட்டது. விலங்கியலார் இதனைக் கைரோனொமிடே என்னும் வேறொரு குடும்பத்துள் அடக்குவர்.

நான் கலைப்பீட மாணவன். எனினும் இவற்றைப் பிரித்தறியப் பூதக்கண்ணாடி ஒன்றும் சிறிது பொறுமையும் போதுமெனக் கண்டேன். தூவி போன்ற உணர்கொம்பை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது. அது ஆண் நுளம்புக்கும் உண்டு. முகத்தை நோக்குக. நுளம்புக்கு ஊசிபோல் நீண்ட உறிஞ்சுகுழல் முன்னோக்கி நிற்கும், இதற்கு அஃதில்லை. நுளம்பின் சிறகு நரம்புகளிற் செதில்கள் படிந்திருக்கும். இதன் சிறகோ செதிலற்றது. அமரும்போது இது முன்னங்கால்களை உயர்த்தி வைத்துக்கொள்ளும். நுளம்பு பெரும்பாலும் பின்னங்கால்களையே உயர்த்தும்.

நீரிலும் இவ்வேறுபாடு தெளிவு. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பி, நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிப் பின்புறக் குழாயால் மூச்செடுக்கும். கடியாப் பூச்சியின் குடம்பியோ அடிச்சேற்றிற் குழாய்க்கூடு அமைத்து வாழும். கிணற்றடித் தொட்டியின் அடியில் நெளியும் செந்நிறப் புழுக்கள் பெரும்பாலும் இவையே. அச்செம்மை ஈமோகுளோபினால் வந்தது. ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் வாழ அது துணைசெய்கிறது. மீன்களுக்கு இவை நல்லுணவு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என வினவலாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஒழுங்கையிற் சிறுமியொருத்தி டெங்குக் காய்ச்சலாற் பல நாள் மருத்துவமனையிற் கிடந்து உயிர் தப்பினாள். அவ்வீட்டில் மாலை தவறாது புகையிட்டே வந்தனர். ஆனால் ஈடிஸ் பகலிற் கடிப்பது. காலையிலும் பொழுதுசாயுமுன்னும் மிகுதியாகக் கடிப்பது. விளக்கை நாடிய அப்பாவிகள் புகையில் மடிந்தன. வளவிலோ சிரட்டைகளிலும் பழைய ரயரொன்றிலும் மழைநீர் தேங்கிக் கிடந்தது. அச்சம் இருந்தது, அது சென்ற திசைதான் வேறு.

உவர்நீரில் நுளம்பு பெருகாதென்று கரையோரத்தவர் ஆறியிருக்கவும் இயலாது. குடாநாட்டின் உவர்நீர்க் கிணறுகளிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்னும் மலேரியா நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது.

கடியாப் பூச்சி முற்றிலும் தீங்கற்றது என்பதும் மிகையே. சூடானில் நைல் நதிக்கரையில் இவ்வினம் பெருந்திரளாக எழுந்தபோது, ஒவ்வாமையால் ஆஸ்துமாவுற்றோர் பலர். எனினும் நம் வீடுகளில் இதற்கு விளக்கைத் தணித்தலும் சன்னலுக்கு வலையிடலும் போதும். புகைக்குச் செலவிடும் அக்கறையிற் பாதியை, கிழமைக்கொருமுறை வளவைச் சுற்றிவந்து தேங்கிய நீரைக் கவிழ்ப்பதிற் செலவிட்டால், ஒழுங்கையிலுள்ள பிள்ளைகளுக்கு அதுவே பெருங்காவலாகும்.