கூடம் என்றொரு குற்றம்

கிட்டாரில் ஆறு கம்பிகள். ஒன்றை மீட்டினால் மற்ற ஐந்தும் சும்மா இருந்துவிடுவதில்லை. மேலே இருக்கும் தடித்த கம்பியும் கீழே இருக்கும் மெல்லிய கம்பியும் இரண்டு ஸ்தாயி இடைவெளியில் ஒரே சுரத்துக்குச் சேர்க்கப்படுபவை. தடித்ததை மீட்டி உடனே நிறுத்தினாலும், தொடாத மெல்லியது தானாக முனகிக்கொண்டிருக்கும். நாற்பதைத் தாண்டி, சோழவந்தான் வீட்டு மாடியில் கிட்டார் பழகத் தொடங்கியபோது, மீட்டக் கற்ற அளவுக்கு நிறுத்தவும் கற்க வேண்டியிருந்தது.

அதற்குக் கை முழுவதும் வேலை செய்ய வேண்டும். மீட்டும் கையின் உள்ளங்கை ஓரம் தடித்த கம்பிகள்மேல் படிந்திருக்கும். சுரம் பிடிக்கும் ஆள்காட்டி விரல் சற்றே சாய்ந்து, கீழேயுள்ள மெல்லிய கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். அழுத்தக்கூடாது. ஒற்றை விரலால் தொட்டால் சில இடங்களில் மணியொலிபோல வேறொரு சுரம் கிளம்பிவிடும். இரண்டு விரல் பட்டால்தான் அடங்கும்.

தமிழுக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் யாழ் நரம்பின் பகைகள் நான்கு பேசப்படுகின்றன: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. பண்ணோடு சேராத ஓசை செம்பகை. அளவு மீறி ஒலிப்பது ஆர்ப்பு. நரம்பைச் சிதற உந்தினால் வருவது அதிர்வு. கூடம் என்பது வெளிவராமல் மழுங்கி ஒலிப்பது.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். பெண்ணுக்கு வீடு சொல்லித்தருவது ஆர்ப்பை மட்டுமே. ‘பொம்பளப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு சத்தம்?’ தெருமுனைக் கூம்புக் குழாய் நாள் முழுக்க அலறினாலும் ஒருவரும் இப்படிக் கேட்பதில்லை. ஒலி அடங்கிப்போவதும் குற்றம்தான் என்று நமக்கு யார் சொன்னார்கள்? என் வகுப்பில் பதில் தெரிந்த மாணவிகள் பலர் அதை உதட்டுக்குள்ளேயே சொல்கிறார்கள். அதை அடக்கம் என்று பாராட்டுகிறோம். யாழாசிரியர் கேட்டிருந்தால் கூடம் என்றிருப்பார்.

அந்தக் காதையில் யாழை ஏந்துபவள் மாதவி. கோவலன் பிரிந்து போனபின் அவள் நான்கு பகையும் நீக்கி நரம்பைச் சேர்க்கிறாள். பாடுகிறாள். பிறகு தாழை மடலில் கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். அவன் அதை வாங்க மறுக்கிறான். அவள் நரம்பில் பகை இல்லை, சொல்லிலும் இல்லை. கேட்க வேண்டிய காதுதான் மூடியிருந்தது. அந்தக் காதுக்கும் ஒரு குற்றப்பெயர் வைத்திருக்கலாம்.

கிட்டார் வாசிப்பவர்கள் சிலர், தலைமுடி கட்டும் துணி வளையத்தைக் கம்பிகளின் தலைமாட்டில் மாட்டிக்கொள்வதுண்டு. வேண்டாத முனகல் நின்றுவிடும். கூடவே, விரல் வைக்காத எந்தக் கம்பியும் முழுசாக ஒலிக்காது. வேகமான ஒற்றைக்கம்பி வாசிப்புக்கு அது உதவும். வாசித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் கட்டியது யார் என்பதே மறந்துபோய், கருவியின் குரலே அதுதான் என்று நினைத்துவிடுவோம்.

உள்ளங்கை அப்படியல்ல. எந்தக் கம்பி எப்போது ஒலிக்கலாம் என்பதை, அதை மீட்டுகிற அதே கை தீர்மானிக்கிறது. அடுத்த கணமே விலகியும் கொள்கிறது. அடங்குவதையும் அடக்கப்படுவதையும் நான் இப்போது இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். மாணவிகளிடமும் அதையே கேட்கிறேன்: உன் கம்பியின் மேல் இருப்பது யாருடைய கை?