பறவை பறக்கும் தூரம்

மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர். விமானம் 1 மணி 15 நிமிடத்தில் இறக்கிவிடும். இப்படி நேர்கோட்டில் அளப்பதை எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ‘ஆ வோல் துவாசோ’ என்பார். பறவை பறக்கும் தூரம்.

பெரம்பூரில் அக்கா தவறிய செய்தி விடியற்காலை வந்தது. தேவாரத்தில் கார் ஏறி, போடி, தேனி, உசிலம்பட்டி தாண்டி மதுரை விமான நிலையம் சேரவே 3 மணி நேரம். அங்கே சோதனை, காத்திருப்பு என்று 2 மணி. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெரம்பூர் போக ஒன்றரை மணி. நான் போய்ச் சேர்வதற்குள் அக்காவை எடுத்துவிட்டார்கள்.

‘ஒரு மணி நேரப் பயணம்தானே’ என்று பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள். நான் வீட்டு வாசற்படியிலிருந்து கணக்குப் போடுகிறேன்: ஏறக்குறைய 8 மணி. அதனால் இப்போதெல்லாம், யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று கேட்டாலே கிளம்பிவிடுகிறேன்.