பூசணிக்காய்க்கு முகம் வெட்டுறது

செப்டெம்பர் கடைசியிலேயே ஸ்காபரோவில் இருக்கிற சுப்பர்மார்க்கெட் வாசல்களில் பூசணிக்காய்கள் வந்து இறங்கிவிடும். பென்னாம்பெரிய காட்போட் பெட்டிகளில், செம்மஞ்சள் நிறத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கும். நாங்கள் போகிற கடையில் நிறுத்து விற்பதில்லை. சின்னனோ பெரிசோ ஒரே விலை. அதனால் சனம் பெட்டிக்குள் அரைவாசி உடம்பை விட்டு, அடியில் கிடக்கிற பெரிய காயைத் தேடும். வெள்ளைக்காரரும் அப்படித்தான், எங்கட ஆக்களும் அப்படித்தான்.

ஊரில் பூசணிக்காய் என்றால் சந்தையில் ஒரு துண்டு வெட்டி நிறுத்து வாங்கிவந்து, பால் விட்டுக் கறி வைக்கிற சாமான். இங்கே இந்தக் காயை வாங்குகிற அநேகம் பேர் அதைச் சமைக்கிறதே இல்லை. உள்ளே குடைந்து, கண் மூக்கு வாய் வெட்டி, விளக்கு வைத்து, ஒக்டோபர் 31 ஹலோவீன் இரவு வாசல்படியில் வைக்கிறார்கள். விளக்கு எரிகிற வீட்டுக்குத்தான் பேய் வேசம் போட்ட பிள்ளைகள் இனிப்புக் கேட்டு வருவார்கள். இரண்டு நாளில் அது பச்சைக் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

நான் படிக்க வந்து இது இரண்டாவது இலையுதிர்காலம். பெரியம்மா வீட்டில் இருக்கிறேன். அம்மம்மாவும் அங்கேதான். அக்காவின் மகன், என்ர பெறாமகன், ஏழு வயது. "சித்தி, இந்த வருசம் நீங்களும் நானும்தான் காவ் பண்ணுறம்" என்று ஒரு மாதத்துக்கு முன்னரே அறிவித்துவிட்டான். கத்தி பிடிக்கிறது நான், என்ன வெட்டுறது என்று தீர்மானிக்கிறது அவன். அதுதான் ஒப்பந்தம்.

வேலை லேசானது என்று நினைக்கவேண்டாம். காம்பைச் சுற்றி மூடியை வெட்டும்போது கத்தியைச் சரித்துப் பிடிக்கவேண்டும். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். பிறகு குடைகிறது. நாரும் விதையும் குளிர்ந்த சளி மாதிரிக் கையில் பிடிக்கும். பெறாமகன் ஒருதரம் கைவிட்டுப் பார்த்துவிட்டு "யக்" என்று குசினியை விட்டே ஓடினான். முகம் வரப்போகிற பக்கத்தை ஓர் அங்குலத் தடிப்புக்குச் சுரண்டி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் வடிவாக வெளியே வராது. சமையல் கத்தியை விட டொலர் கடையில் விற்கிற, வாள் மாதிரிப் பல் வைத்த சின்னக் கத்திதான் இதற்குத் தோது. கண், மூக்கு போன்ற சின்னதுகளை முதலில் வெட்டிவிட்டு வாயைக் கடைசிக்கு விடவேண்டும். பெரிய ஓட்டையை முதலில் வெட்டினால், பிறகு மற்றதை வெட்டும்போது சுவர் பிளந்துவிடும்.

நான் குடைந்து குடைந்து ஒரு சட்டி நிறையச் சதையை எடுத்து வைத்திருக்க, அம்மம்மா வந்து எட்டிப் பார்த்தா.

"உதென்ன பிள்ளை, எறியிறதுக்கே?"

"ஓம் அம்மம்மா. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்."

அவ ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தா.

அம்மம்மாவுக்கும் பூசணிக்காய்க்கும் ஒரு கணக்கு இருக்கு. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடும்போது எங்கட வளவில் காய்ச்ச காய்களை எல்லாம் பிடுங்கி லான்ட்மாஸ்டரில் ஏத்தினவ அவதான். எனக்கு அப்போது எட்டு வயது. சட்டி பானை, பாய், தையல் மெசின், பதினொரு பூசணிக்காய். மாமா ஏசினார், "சனம் உயிரைக் கொண்டு ஓடுது, நீங்கள் பூசணிக்காயோ" என்று. அவ கேட்கவில்லை. முற்றின காயை வெட்டாமல் வைத்தால் மூன்று நாலு மாதம் கிடக்கும். மரக்கறியில் அப்படிக் கிடக்கிறது வேறு எது? வெட்டினால்தான் சிக்கல், அன்றைக்கே முடிக்கவேணும். விசுவமடுவில் தறப்பாளுக்குள் ஒரு காயை வெட்டினால் பக்கத்துத் தறப்பாள்களுக்கும் பங்கு போகும். தோலையும் சீவாமல் அவிப்பம். விதையை வறுத்துத் தருவா. நான் காய்களுக்குப் பக்கத்தில்தான் படுப்பேன். இரவில் கை பட்டால் குளிராக, அமைதியாக இருக்கும்.

கடைசிக் காயை அவ வெட்டவில்லை. "இன்னும் மோசமான நாள் வரும், அண்டைக்கு வெட்டுவம்" என்று வைத்திருந்தா. 2009 தை மாதம் அங்கிருந்தும் ஓடவேண்டி வந்தபோது அந்தக் காய் பங்கருக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

இதை எல்லாம் தெரிந்துகொண்டு அவவுக்கு முன்னால் நல்ல காயைக் குடைந்து எறிய எனக்குக் கை கூசியது. "வேணாமெண்டால் விடுறன் அம்மம்மா" என்றேன். அவ என்ர கையில் இருந்த கரண்டியை வாங்கி, நான் விட்ட இடத்தில் இருந்து சுரண்டத் தொடங்கினா.

"வெட்டு, வெட்டு. வெட்டாமல் வைச்சும் என்னத்தைக் கண்டனாங்கள்."

பெறாமகனுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. அவன் திரும்பி வந்து, ஏன் பூசணிக்காயில் முகம் வெட்டுகிறார்கள் என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லையாம். நான் எனக்குத் தெரிந்த ஐரிஷ் கதையைச் சொன்னேன். ஜாக் என்று ஒரு கஞ்சன் சாத்தானையே ஏமாற்றினான். செத்த பிறகு சொர்க்கத்திலும் எடுக்கவில்லை, நரகத்திலும் எடுக்கவில்லை. சாத்தான் குடுத்த ஒரு தணலை டேர்னிப் கிழங்கைக் குடைந்து அதற்குள் வைத்துக்கொண்டு, இன்றைக்கும் இருட்டில் இடமில்லாமல் அலைகிறான். அயர்லாந்தில் உண்மையாகவே டேர்னிப்பில்தான் முகம் வெட்டினார்கள். மேயோ பகுதியில் உள்ள நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் டொனிகாலைச் சேர்ந்த ஒரு பழைய டேர்னிப் விளக்கின் வார்ப்பு இருக்கு. படத்தைப் பார்த்தால் இந்தப் பூசணிக்காய் எல்லாம் சிரிப்புக்காரர். அது பல்லுக் கழன்ற மண்டையோடு மாதிரி, உண்மையாகவே பயப்படுத்தும்.

பையனுக்குச் சொல்லாத பகுதி ஒன்றும் இருக்கு. அட்லாண்டிக் தாண்டி வந்த ஐரிஷ், ஸ்கொட்டிஷ் குடியேறிகளோடுதான் இந்த வழக்கம் இந்தப் பக்கம் பரவியது. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி 1845இல் பஞ்சம் தொடங்கியது. 1847இல் மட்டும் டொரொன்டோ துறைமுகத்தில் 38,000க்கு மேற்பட்ட ஐரிஷ் சனம் வந்து இறங்கியது. அப்போது இந்த நகரத்தின் சனத்தொகையே ஏறத்தாழ 20,000தான். அந்த வருசமே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் காய்ச்சலில் செத்துப்போனார்கள். பசியில் ஓடிவந்தவர்களின் பண்டிகையில் இன்றைக்குச் சாப்பாட்டுச் சாமானைக் குடைந்து எறிகிறோம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வயிறு நிறைந்த பிறகுதானே காயில் முகம் தெரியும்?

காயும் எங்களைப்போல வந்ததுதான். பூசணி அமெரிக்கக் கண்டத்துக் கொடி. மெக்சிக்கோவின் ஒஹாக்காவில் ஒரு குகையில் கிடைத்த பூசணி விதைகளுக்கு ஏறத்தாழ 10,000 வயது. எங்கட வளவில் படர்ந்த பூசணியும் ஐரோப்பியர் அங்கே போன பிறகு கடல் தாண்டி எங்களிடம் வந்ததே. புது வீடு குடிபுகும்போது குங்குமம் வைத்து வெட்டுகிற நீத்துப்பூசணிதான் ஆசியாக் கண்டத்துக்காரர்.

முகத்துக்கு வருவம். பெறாமகன் முக்கோணக் கண், முக்கோண மூக்கு என்று மார்க்கரால் கீறியிருந்தான். அம்மம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"உது ஆரைப் பயப்படுத்தும்? கண்ணை வட்டமாப் பெருப்பி வெட்டு. நாக்கு வை. மீசை வை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ சொன்னது வெருளி. கட்டி முடியாத வீடுகளில் கண்ணூறு படாமல் கட்டி வைக்கிற அதே முகம். பையன் முதலில் அழுவாரைப்போல நின்றான். பிறகு நாக்கு என்றதும் சம்மதித்துவிட்டான். நாக்கைத் துளைத்து வெட்ட ஏலாது, விழுந்துவிடும். வாயை வெட்டி, நடுவில் நாக்கை மட்டும் விட்டு, அதன் தோலைச் சீவினேன். மீசைக்கும் தோலை மட்டும் சீவினால் போதும், அந்த இடம் மங்கலாக வெளிச்சம் விடும். உள்ளே பற்றரி விளக்கு வைத்தோம். எங்கட வீதியில் நாக்கு நீட்டி, மீசை முறுக்கின பூசணிக்காய் அது ஒன்றுதான். இனிப்புக்கு வந்த ஒரு பிள்ளை நின்று பார்த்து, "இது என்ன கதாபாத்திரம்?" என்று இங்கிலீசில் கேட்டது. "வெருளி" என்றான் பெறாமகன், உலகத்துக்கே தெரிந்த பெயர் மாதிரி.

சட்டியில் இருந்த சதையை அம்மம்மா எறிய விடவில்லை. அன்றிரவே பால்கறி வைத்தா. வாயில் வைத்தால் தண்ணி, நார், இனிப்பே இல்லை. இந்தக் காய்கள் வெட்டுவதற்கென்றே வளர்க்கப்படுகிறவை. ஹவ்டன் என்று ஓர் இனம், மசச்சூசெட்ஸில் ஜோன் ஹவ்டன் என்ற கமக்காரர் உருவாக்கியது, இந்த வேலைக்குப் பேர்போனது. காம்பு தடிப்பம், வடிவு நல்லம், ருசியைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. அம்மம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு கோப்பையைத் தள்ளி வைத்தா.

"இதை லான்ட்மாஸ்டரில ஏத்தியிருக்கமாட்டன்."

அதற்குப் பிறகு அவவுக்கு அந்தக் காயில் ஒரு மரியாதையும் இல்லாமல் போய்விட்டது. விதையை மட்டும் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு அவனில் வாட்டித் தந்தா. அது நல்லாக இருந்தது.

டொரொன்டோவில் சொறோரன் பூங்காவில் 2004இலிருந்து நவம்பர் முதலாம் திகதி இரவு ஒரு பூசணி ஊர்வலம் நடக்கிறது. ஊர்வலம் என்று பெயர்தான், காய்கள் நடைபாதை நெடுக வரிசையாக இருக்கும், சனம்தான் நடக்கும். கடைசியாக ஒருதரம் எல்லாவற்றுக்கும் விளக்கேற்றிப் பார்த்துவிட்டு, உரமாக்க அனுப்பிவிடுவார்கள். எங்கட வெருளியை அங்கே கொண்டுபோகத்தான் யோசித்தோம். அதற்குள் அணில் வந்து மீசையின் ஒரு பக்கத்தையும் நாக்கையும் தின்றுவிட்டது. ஊர் அணில் மாதிரி முதுகில் கோடு போட்ட சின்னன் இல்லை. கறுப்பு, பூனைக்குட்டியளவு, விரட்டினால் திரும்பி நின்று முறைக்கும். பெறாமகன் ஜன்னலுக்குள்ளால் பார்த்துக் கத்த, அம்மம்மா திரையை விலக்கிப் பார்த்தா.

"தின்னட்டும். அதுக்கெண்டாலும் ருசிக்குதே."

அடுத்த வருசத்துக்கு இப்போதே பேச்சு முடிந்துவிட்டது. முகம் வெட்ட ஒன்று, தமிழ்க்கடையில் கறிக்கு ஒன்று. கறிக்கு வாங்குகிறதைத் தான்தான் தட்டிப் பார்த்து எடுப்பனாம், எங்களை நம்ப ஏலாதாம்.