எட்டு மணி நேரம் பறக்கும் ரோஜா

கென்யாவின் தலைநகரம் நைரோபி. அங்கிருந்து நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமுக்கு வான்வழியில் சுமார் 6,700 கிலோமீட்டர். இடையில் நிற்காத விமானத்துக்கு எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். நள்ளிரவில் ஏறினால் சகாரா பாலைவனமும் மத்தியதரைக் கடலும் தூக்கத்திலேயே கடந்துபோகும். குளிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாம் கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்தங்கியிருப்பதால், இறங்கும்போது அங்கே காலை ஆறு, ஏழு மணிதான் இருக்கும்.

பயணிக்குக் கணக்கு அவ்வளவுதான். அந்த விமானத்தின் அடிவயிற்றிலும், தனிச் சரக்கு விமானங்களிலும் போகிற ரோஜாவுக்குக் கணக்கு வேறு.

நைரோபிக்கு வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் நைவாஷா ஏரி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம்; நிலநடுக்கோட்டை ஒட்டிய இடம். வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரம், இரவும் பன்னிரண்டு மணி நேரம். பகலில் நல்ல வெயில், ராத்திரி குளிர். ரோஜாவுக்கு வேறென்ன வேண்டும்? ஏரியைச் சுற்றிப் பசுமைக்குடில்கள் வரிசையாக நிற்கின்றன. ஏரித் தண்ணீரை அவை உறிஞ்சுவது பற்றி மீனவர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் இருக்கும் மனக்குறை தனிக்கதை.

வெட்டிய பூ உடனே தண்ணீர் வாளிக்குள் போகிறது. பிறகு குளிர் அறை, தரம் பிரிப்பு, கட்டு, அட்டைப்பெட்டி, குளிர்பதன லாரி, விமான நிலையக் கிடங்கு. எங்கும் வெப்பம் சில டிகிரியைத் தாண்டக் கூடாது. வெட்டிய பூவும் மூச்சு விடும். சூடு ஏற ஏற வேகமாக மூச்சு விட்டு, தன்னிடமுள்ள சர்க்கரையைத் தீர்த்துக்கொள்ளும். ஆகாயத்தில் எட்டு மணி நேரம் அதற்குப் பெரிய சங்கதி இல்லை. ஏற்றுவதற்கு முன் வெயிலில் ஒரு மணி நேரம் பெட்டி கிடந்தால்தான் வினை. வாங்குகிறவர் வீட்டு ஜாடியில் பூ நிற்கும் நாள் குறைந்துவிடும். தோட்டத்திலிருந்து சந்தை சேர இரண்டு மூன்று நாளாகிறது. அதில் பறப்பது எட்டு மணி நேரம்தான்.

அந்த எட்டு மணி நேரமும் ஒருமுறை கைவிட்டது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தது. சாம்பல் என்ஜினைக் கெடுக்கும் என்று ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கிட்டத்தட்ட ஒரு வாரம் விமானங்கள் நின்றன. நைரோபிக் கிடங்குகள் நிரம்பின. நைவாஷாவில் பூவை டன் கணக்கில் குப்பையில் கொட்டினார்கள். கூலியாட்களுக்கு வேலை போயிற்று. ஏற்றுமதிக்குப் பீன்ஸ் போட்ட சிறு விவசாயிகள் காயை மாட்டுக்குப் போட்டார்கள். கொஞ்சம் சரக்கு மட்டும் ஸ்பெயினில் இறங்கி லாரியில் போனது. விமானம் நின்றது செடிக்குத் தெரியுமா? அது பாட்டுக்குப் பூத்தது.

ஒழுங்காகச் சேரும் பூவில் ஒரு பகுதி நேரே சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் போகிறது. இன்னொரு பகுதி ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஆல்ஸ்மீர் ஏலக்கூடத்துக்கு. ஊர் மண்டியில் ஏலம் கீழிருந்து மேலே ஏறும். ஆல்ஸ்மீரில் மேலிருந்து கீழே இறங்குகிறது. கடிகாரம் போன்ற பலகையில் விலை குறைந்துகொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குச் சரக்கு. பொறுத்தால் விலை இறங்கும், ஆனால் பக்கத்து வியாபாரி அழுத்திவிடுவார். மூன்று நாள் பயணம் செய்த பூவுக்குச் சில வினாடியில் விலை முடிந்து, அது அடுத்த லாரியில் ஏறுகிறது.